முதலில் கால், பிறகு முகம்: த்ரில்லர் படங்கள் கடன் வாங்கும் காட்சிகள்

வேலூரில் ஒரு தியேட்டரில் இரவுக் காட்சியாக ஓடிய த்ரில்லர் படம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, வண்டி நிறுத்திய இடத்தை அடைவதற்குள் "இந்த சீன் அந்தக் கொரியன் படத்துல இருந்து சுட்டது" என்று ஒரு குரலாவது கேட்டுவிடும். உடனே கைப்பேசி வெளியே வரும், இரண்டு படங்களின் ஃபிரேம்களும் அடுத்தடுத்துக் காட்டப்படும், பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கண்டுபிடிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் 'சுட்டது' என்ற ஒரே சொல்லோடு பேச்சு நின்றுபோவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. மூலப்படத்தில் அந்தக் காட்சி எதற்காக அப்படி எடுக்கப்பட்டது, அதிலிருந்து எது மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது, புதிய படத்தில் அதற்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விகளெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள நல்ல வழி ஒன்று கைவசம் இருக்கிறது. 1989இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஆரணி, செய்யாறு, புரிசை எல்லாம் இதே மாவட்டத்தில்தான் இருந்தன. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தின் மண் அது. கூத்தில் முக்கியமான வேடம் வரும்போது நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, வேடக்காரர் அதன் பின்னால் நின்றபடி பாடுவார். துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி தெரியும். நடுவில் இருக்கும் முகம் மட்டும் தெரியாது. யார் வரப்போகிறார் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், திரை விலகும் வரை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்த பிள்ளைதான். பல ஆண்டுகள் கழித்துப் பழைய த்ரில்லர் படங்களைப் பார்க்கத் தொடங்கியபோது, அந்தத் துணியைத்தான் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு உருவத்தில் கண்டேன்.

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' (1951) கால்களில்தான் தொடங்குகிறது. டாக்ஸியிலிருந்து இறங்கும் ஒருவன் காலில் பளிச்சென்ற இரட்டை நிறக் காலணி. இன்னொருவன் காலில் சாதாரணக் கறுப்புக் காலணி. இரண்டு ஜோடிக் கால்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து ரயில் நிலையத்துக்குள் நடந்து, ரயில் பெட்டிக்குள் ஏறி, உட்கார்ந்த இடத்தில் ஒரு காலணி இன்னொன்றின் மேல் தற்செயலாகப் படும்போதுதான் நாம் முகங்களைப் பார்க்கிறோம். அந்த ஒரு தொடுதலில் ஒரு கொலைக்கான வித்து விழுந்துவிடுகிறது. இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த 'எம்' (1931) படத்தில், சிறுமிகளைக் கொல்பவன் முதன்முதலாகத் திரையில் வருவது நிழலாக மட்டுமே. அவனைப் பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் சுவரொட்டியின் மேலேயே அந்த நிழல் விழுகிறது. சிறுமியின் மரணத்தையும் அந்தப் படம் நேரில் காட்டுவதில்லை. உருண்டு வந்து நிற்கும் ஒரு பந்தும், கம்பிகளில் சிக்கிக்கொண்ட ஒரு பலூனும் போதுமானதாக இருக்கின்றன.

இந்த 'பாதி காட்டுதல்' அதன்பிறகு உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. கையுறை அணிந்த கை, கதவிடுக்கில் தெரியும் காலணி, மழையங்கியின் முதுகு என்று இத்தாலியின் 1960களின் கொலைப் படங்கள் இதை ஒரு சடங்காகவே ஆக்கின. மாரியோ பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' (1964) படத்தில் கொலைகாரனுக்கு முகம் இருக்கும் இடத்தில் வெறும் துணிதான் இருக்கிறது. தமிழில் மிஷ்கினின் 'அஞ்சாதே' (2008) வந்தபோது, கால்களை அவ்வளவு நேரம் காட்டுவது பற்றிப் பேசாதவர்களே இல்லை. எனக்கு அந்தக் கால்கள் ஹிட்ச்காக்கை நினைவூட்டியதை விடவும் திரைக்குக் கீழே தெரிந்த சலங்கைக் கால்களையே அதிகம் நினைவூட்டின. மனிதன் முகத்தால் பொய் சொல்லலாம். நடையை மாற்றிக்கொள்வது கடினம். பதற்றத்தில் இருப்பவனின் கால் அவன் வாய்க்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடும். ஒரு சாதனம் ஏன் பலருக்கும் பயன்படுகிறது என்பதற்கு இத்தகைய உள்காரணம் ஒன்று இருந்தால், அதை யார் முதலில் செய்தார்கள் என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

த்ரில்லர் படங்கள் மற்ற வகைப் படங்களை விட அதிகமாகக் கடன் வாங்குவதற்கும் காரணம் உண்டு. பயம் என்பது நடந்ததைப் பார்த்து வருவது குறைவு. நடக்கப்போவதை ஊகித்து வருவதே அதிகம். ஊகிக்க வேண்டுமானால் பார்வையாளருக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பாதி திறந்த கதவு, ஆடிக்கொண்டிருக்கும் ஒற்றை பல்பு, மேலே போகும் மரப் படிக்கட்டு என்று எதைக் காட்டினாலும் நம் முதுகு நிமிர்வது, அந்தப் படம் நமக்கு எதையும் சொல்லிவிட்டதால் நடப்பதன்று. நாம் முன்பு பார்த்த படங்கள் சொல்லிவைத்ததால் நடப்பது. கூத்தில் முகத்தில் பூசிய நிறத்தையும் தோளில் கட்டிய கட்டையையும் கண்டதுமே பாத்திரத்தின் குணம் பிடிபட்டுவிடுவதைப் போன்றதுதான் இது. அந்த வேடத்தை எந்தக் கலைஞரும் தன் சொந்தச் சொத்தாக நினைப்பதில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வருகிறது. எல்லோரும் அதே கிரீடத்தைத்தான் வைக்கிறார்கள். ஆனாலும் இந்தத் துரியோதனனுக்கும் அந்தத் துரியோதனனுக்கும் எவ்வளவு தூரம் என்று கூத்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

கேமராவின் அசைவு ஒன்று எப்படிக் கைமாறியது என்பதைப் பார்த்தால் இந்தத் தூரம் இன்னும் தெளிவாகப் புரியும். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தின் நாயகனுக்கு உயரத்தைக் கண்டால் தலை சுற்றும். அவன் மணிக்கூண்டின் படிக்கட்டு நடுவே கீழே பார்க்கும்போது, தரை நம் கண்முன்னே இழுபட்டுக் கீழே போவதைப் போலத் தெரியும். கேமராவை ஒரு திசையில் நகர்த்திக்கொண்டே லென்ஸை அதற்கு எதிர்த்திசையில் ஜூம் செய்ததால் வந்த விளைவு அது. எந்தப் பொருளைக் குறிவைக்கிறோமோ அது அதே அளவில் இருக்க, அதற்குப் பின்னால் இருக்கும் ஆழம் மட்டும் மாறும். இதைச் செய்து காட்டியவர் இர்மின் ராபர்ட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர். உண்மையான படிக்கட்டில் இதைச் செய்ய ஏகப்பட்ட செலவாகும் என்பதால், படிக்கட்டின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து தரையில் பக்கவாட்டாகப் படுக்க வைத்து எடுத்தார்கள்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' (1975) படத்தில் இதே உத்தியை எடுத்துக்கொண்டார்; ஆனால் பார்வையைத் தலைகீழாகத் திருப்பினார். கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ் அதிகாரி, தண்ணீரில் ஒரு சிறுவன் சுறாவிடம் சிக்குவதைப் பார்க்கும் நொடியில், கேமரா அவர் முகத்தை நோக்கி ஓட, லென்ஸ் பின்வாங்குகிறது. 'வெர்டிகோ' பயந்தவன் பார்த்ததைக் காட்டியது. 'ஜாஸ்' பயந்தவனையே காட்டியது. பிறகு மார்ட்டின் ஸ்கோர்செஸி 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தில், உணவகத்தின் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரு நண்பர்களின் மீது இதைப் பயன்படுத்தினார். இங்கே வேகமே இல்லை. நண்பன் தன்னைக் கொல்ல ஏற்பாடு செய்கிறான் என்று ஒருவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருக்கும்போது, அவர்கள் அசையாமல் இருக்க, ஜன்னலுக்கு வெளியே உள்ள தெரு மட்டும் மெல்ல நெருங்கி வருகிறது. ஒரே இயந்திர வேலை முதலில் உடம்பின் மயக்கமாகவும், பிறகு அதிர்ச்சியாகவும், கடைசியில் நம்பிக்கை கரைவதாகவும் மாறியிருக்கிறது. இந்த மூவரில் யாரையும் 'சுட்டவர்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று குறும்பட விழாக்களில் ஒவ்வொரு இரண்டாவது படத்திலும் யாராவது திடுக்கிடும்போதெல்லாம் இந்த அசைவு வந்து போகிறது. அங்கே அது வெறும் ஆச்சரியக்குறியாகச் சுருங்கிவிட்டது.

காரணத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) பல பாடங்களை வைத்திருக்கிறது. துப்பறிபவர் படியேறிப் போகும் காட்சியில் கேமரா திடீரென்று கூரைக்குப் போய்விடுகிறது. நேர்க்கோணத்தில் எடுத்தால், அறையிலிருந்து கத்தியோடு வரும் உருவத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். முதுகுப் பக்கமிருந்து எடுத்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று பார்வையாளர் சந்தேகப்படுவார். தலைக்கு மேலே இருந்து பார்த்தால் மறைப்பதே தெரியாமல் மறைக்கலாம். எத்தனையோ படங்கள் கொலைக்காட்சியில் கேமராவைக் கூரைக்கு ஏற்றியிருக்கின்றன; மறைக்க வேண்டிய முகம் எதுவும் இல்லாதபோதும் ஏற்றியிருக்கின்றன. குளியலறைக் கொலையும் அப்படித்தான். ஏழு நாட்கள் எடுக்கப்பட்டு முக்கால் நிமிட அளவில் திரையில் ஓடும் அந்தக் காட்சியில், ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் சிரப் பயன்பட்டது; கறுப்பு வெள்ளையில் அது போதுமானதாக இருந்தது. கதையின் நாயகி என்று நம்பிய பெண்ணைப் படத்தின் பாதிக்குள் இழந்துவிடுவதுதான் அங்கே உண்மையான அதிர்ச்சி. அந்த இழப்பில்லாமல் ஷவரையும் திரைச்சீலையையும் மட்டும் எடுத்தவர்களுக்கு ஈரம்தான் மிஞ்சியது.

1998இல் கஸ் வான் சான்ட் இந்தப் படத்தை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் மீண்டும் எடுத்தார். கோணங்கள் அவையே, இசை அதுவே, வசனங்களும் பெரும்பாலும் அவையே. அந்தப் பழைய பயம் மட்டும் வரவில்லை. கடன் வாங்குவது பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளை விட அந்தப் படம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்பேன். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: குன்றின் மேல் தனித்து நிற்கும் அந்த 'சைக்கோ' வீடே எட்வர்ட் ஹாப்பர் என்ற அமெரிக்க ஓவியர் 1925இல் ரயில் பாதையோரம் தனித்து நிற்பதாக வரைந்த ஒரு வீட்டிலிருந்து பிறந்தது. எல்லோரும் மூலம் என்று சுட்டிக்காட்டும் இடத்திலும் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறது.

நிழல்கள் சென்னைக்கு வந்த வழியும் நீண்டது. 1920இல் வந்த 'டாக்டர் கலிகாரி' படத்தில் ஜெர்மானியர்கள் நிழல்களைச் சுவரிலேயே வண்ணத்தால் தீட்டிவைத்தார்கள். முர்னாவின் 'நாஸ்ஃபெராட்டு' (1922) படத்தில் நீண்ட விரல்களோடு ஒரு நிழல் மட்டும் படியேறிப் போனது. 1924இல் பெர்லினில் வேலை பார்க்கப் போன இளம் ஹிட்ச்காக், முர்னாவ் படமெடுப்பதை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1933க்குப் பிறகு ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா போன லாங், சியோட்மாக், பில்லி வைல்டர் போன்றவர்கள் அந்த நிழல்களை ஹாலிவுட்டின் குற்றப் படங்களுக்குள் கொண்டுபோனார்கள்.

தமிழில் அந்த இருட்டு முழு அழகோடு வந்து இறங்கிய படம், வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்காக இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத தமிழ்ப் படம் அன்று நினைத்துப் பார்க்க முடியாத துணிச்சல். ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கட்டமைப்பு அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்திலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் படத்தின் தோற்றத்தைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. 'ராஷோமோன்' வெயிலின் படம். கேமராவை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பி, இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சிதறுவதைப் பிடித்த படம். 'அந்த நாள்' நான்கு சுவர்களுக்குள், விளக்கின் படம். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட இரவை ஒட்டி நடக்கும் கதைக்கு, ஊரே விளக்கணைத்துப் பயந்து கிடந்த காலத்தின் கதைக்கு, காட்டு வெயில் எதற்கு? கட்டமைப்பை ஜப்பானிலிருந்தும் ஒளியை ஹாலிவுட்டின் இருட்டிலிருந்தும் எடுத்து, இரண்டையும் சென்னையின் உண்மையான ஓர் இரவில் நட்டுவைத்தது அந்தப் படம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிற்கிறதென்றால், கடனுக்கு உள்ளூரில் ஒரு காரணம் கிடைத்துவிட்டதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இதே வகையில் யோசித்த இன்னொரு படம். தாயின் நினைவில் சிக்கிய கொலைகாரன் என்ற அளவில் அது 'சைக்கோ'வின் உறவுதான். ஆனால் கேமராவைத் தானே கையாண்ட பாலு மகேந்திரா, ஹிட்ச்காக்கின் கூர்மையான நிழல்களை எடுத்துக்கொள்ளவில்லை. ஊட்டியின் இயல்பான மங்கிய வெளிச்சமும் பனியும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நிழல் ஒரு பொருளை வெட்டிக் காட்டும். பனி அதைக் கரைத்துவிடும். தான் செய்வது தனக்கே தெளிவில்லாத ஒரு மனத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995) வந்த பிறகு கடனின் தன்மை மாறியது. அந்தப் படத்தின் சில பிரதிகளை லேபில் கழுவும்போது, வழக்கமாக வெளுத்து நீக்கப்படும் வெள்ளியை நீக்காமல் ஃபிலிமிலேயே விட்டுவைத்தார்கள். அதனால் கறுப்பு அடர்ந்தது, நிறங்கள் வற்றின. பெயரில்லாத ஒரு நகரம், ஓயாத மழை, இருட்டு அறையில் டார்ச் வெளிச்சம் என்ற அதன் உலகத்துக்கு அந்த வேதியியல் துணை நின்றது. அன்று அது செலவும் சிரமமும் நிறைந்த வேலை. இன்று படத்தின் நிறங்களைத் திருத்தும் டிஐ அறையில் கணினி முன் உட்கார்ந்து அதற்கு நெருக்கமான தோற்றத்தைச் சில மணி நேரத்தில் எந்தப் படத்தின் மீதும் போர்த்திவிடலாம். எளிதில் கிடைப்பதால்தான் இது அளவுக்கு மீறிப் புழங்குகிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் ஊரில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையிலும், போலீஸ் ஸ்டேஷன் பாசி பிடித்த பச்சையில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பச்சை எந்த ஊரின் வெளிச்சமும் இல்லை. இன்னொரு படத்தின் வெளிச்சம் மட்டுமே. ராம்குமாரின் 'ராட்சசன்' (2018) இந்த மரபைச் சேர்ந்ததுதான் என்றாலும், அது ஒரு நல்ல வேலை செய்தது. அதன் நாயகனே சினிமா எடுக்க ஆசைப்பட்டு, தொடர் கொலைகாரர்களைப் பற்றிய செய்திகளைச் சேகரித்து வைத்திருந்து, பிறகு போலீஸ் வேலைக்கு வந்தவன். முன்பு படித்த குற்றங்களின் வழியாகவே அவன் புதிய குற்றத்தைப் படிக்கிறான். பார்வையாளரின் நினைவையே கதையின் ஒரு பாத்திரமாக்கிவிட்டதால், அங்கே பழைய சாயல்கள் உறுத்தவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. 1978இல் உச்ச நீதிமன்றம், ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தன் நாடகத்தை 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் எடுத்தாண்டுவிட்டதாகத் தொடுத்த வழக்கில், கருத்துக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவை வெளிப்படுத்தப்பட்ட விதத்துக்கே உண்டு என்று தெளிவுபடுத்தியது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு ஒன்று மற்றதன் நகல் என்ற எண்ணம் ஐயத்துக்கு இடமின்றி ஏற்படுகிறதா என்பதை முக்கியமான சோதனையாக வைத்தது. வழக்கு நாடக ஆசிரியருக்குச் சாதகமாக முடியவில்லை. ஒரு கேமராக் கோணத்தையோ நிழலையோ தனியாக எடுத்து உரிமை கொண்டாடுவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட அதிக ஆசை தரும் கடன் ஒன்று இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் நாயகனை ஓர் இடத்துக்கு வரவழைத்துக் கொல்ல வேண்டும். ஆளில்லாத தெரு, விளக்குக் கம்பத்தின் கீழ் ஒரு வட்ட வெளிச்சம், ஈரக் கற்கள், ஓடும் கறுப்புப் பூனை என்று அதை எடுப்பதுதான் அன்றைய வழக்கம். ஹிட்ச்காக் அந்த வழக்கத்தை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினார். பட்டப்பகல், திறந்த வெளி, ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத சமவெளி, நடுவே நெடுஞ்சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். ஒரு கார் போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் வந்து எதிரே நிற்கிறார், அவரும் பஸ்ஸுக்காகத்தான் காத்திருக்கிறார். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் தூரத்தில் சுற்றுவதைப் பார்த்து, பயிரே இல்லாத இடத்தில் மருந்து தெளிக்கிறதே என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விடுகிறார். பிறகுதான் விமானம் திரும்புகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் விமானத்துக்குப் பதிலாக ஹெலிகாப்டரை வைத்து இதை எடுத்துக்கொண்டது. துரத்தல் வந்தது, அந்தக் காத்திருப்பு வரவில்லை.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு. இல்லாதவற்றைக் கொண்டே ஓர் ஊரை அடையாளம் காட்டும் அந்தச் சொல்லுக்கும், பயிரில்லாத வயலின் மேல் பறந்த அந்த விமானத்துக்கும் நெருங்கிய உறவு இருப்பதாக நான் நம்புகிறேன். வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்தில் நின்று மே மாத நண்பகலில் கீழே பார்த்தால், கண்ணைக் கூசவைக்கும் மணல். இருபுறமும் மொட்டைப் பாறைக் குன்றுகள். நிழல் என்று சொல்ல அங்கே பாலத்தின் நிழல் ஒன்றுதான் இருக்கும். அக்கரையிலிருந்து ஓர் ஆள் மணலில் இறங்கினால் முதலில் ஒரு புள்ளியாகத்தான் தெரிவான். முகம் தெரியும் தூரத்துக்கு அவன் வந்து சேர நெடுநேரம் ஆகும். கூத்துத் திரை செய்யும் வேலையை அங்கே தூரமே செய்துவிடும். அதைப் படமாக்கப் போகிறவர், விமானம் மோதித் தீப்பிடிக்கும் வரை ஹிட்ச்காக் அந்தக் காட்சியில் இசையே சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துக் கடன் வாங்கிக்கொள்ளட்டும்.